நெஞ்சறைக்குள் நுழையும் காற்று

தென்காசி, குற்றாலம் பக்கம் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாலும் இந்தக் குரலைக் கேட்கலாம்: "சிஸ்டர், டியூப்ல காத்து ஏறுது, சீக்கிரம் வாங்க!" குளுக்கோஸ் பாட்டில் காலியாகும் நேரத்தில் பிளாஸ்டிக் குழாயில் கடுகளவு குமிழி ஒன்று கீழே நகர்வதைப் பார்த்ததும், கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர் பதறி எழுந்துவிடுவார். ஒரு சொட்டுக் காற்று ரத்தத்தில் ஏறினாலும் உயிர் போய்விடும் என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. சினிமாவில் வில்லன் காலி ஊசியைக் குத்திக் கொல்வதைப் பார்த்து அது இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

அந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. கையில் ஏறும் டிரிப்ஸ் குழாயின் சின்னக் குமிழி சிரை வழியாக இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குமிழியில் உள்ள வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடுகிறது. பாட்டில் காலியானால்கூடக் காற்று தானாக ஓடி உள்ளே போய்விடாது. கையின் சிரையில் உள்ள அழுத்தம் குழாயில் மிச்சமிருக்கும் திரவத்தை ஓர் உயரத்தில் நிறுத்திவிடும். சிஸ்டர் பதறாமல் வருவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அனுபவம்.

இதற்கு விலக்கு உண்டு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைகள், அதிலும் உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகள் விஷயத்தில் சின்னக் குமிழியும் ஆபத்துதான். அவர்களுக்கு வலப்பக்க ரத்தம் நுரையீரல் என்ற சல்லடையைத் தொடாமலே இடப்பக்கம் போய்விடுகிறது. அந்தக் குழந்தையின் தாய் டிரிப்ஸ் குழாயைப் பார்த்துக் கத்தினால் எல்லோரும் ஓடி வர வேண்டும்.

காற்று கொல்லுமா என்பதைத் தீர்மானிப்பவை அதன் அளவும், நுழையும் வேகமும், நுழையும் இடமும். பெரியவர் ஒருவரின் சிரைக்குள் சுமார் 200 முதல் 300 மில்லிலிட்டர் காற்று ஒரே மூச்சாகப் போனால் உயிர் போகக்கூடும் என்று, தற்செயலாக நடந்த விபத்துகளிலிருந்து மருத்துவ நூல்கள் கணித்திருக்கின்றன. ஒரு டம்ளருக்குச் சற்று கூடுதல். இவ்வளவு காற்று எப்படிப் போகும் என்று தோன்றலாம். கழுத்து, நெஞ்சுச் சிரைகளின் கதை கைச்சிரையின் கதை அல்ல. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சறையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. அப்படித்தான் நுரையீரலுக்குள் காற்று வருகிறது. அந்த நேரத்தில் நெஞ்சறைக்குள் போகும் பெரிய சிரை ஒன்றில் வெளிக்காற்றுக்கு வழி திறந்திருந்தால், மூக்கு வழியே வரவேண்டிய காற்று அந்த வழியாகவும் வரும். டிரிப்ஸ் போட உதவும் 14 கேஜ் ஊசி அளவுத் துவாரம் போதும். 5 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு அழுத்த வேறுபாடு இருந்தாலே நொடிக்கு 100 மில்லிலிட்டர் அளவுக்குக் காற்று பாயலாம் என்பது கணக்கு. இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சுக்குள் காரியம் கெட்டுவிடும்.

உள்ளே போன காற்று வலது கீழறையில் தங்குகிறது. இதயத் தசை சுருங்கும்போது ரத்தமாக இருந்தால் முன்னே போகும். காற்று அமுங்கிக் கொடுத்து மறுபடி விரிகிறது. துடிப்பு நடக்கிறது, ஆனால் நுரையீரலுக்கு ரத்தம் போவதில்லை. ரத்தமும் காற்றும் கடையப்பட்டு நுரையாகின்றன. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நீரால் சுழலும் ஆலைச்சக்கரத்தின் சலசலப்புப் போன்ற ஓசை கேட்கும் என்று பழைய அறுவை நூல்கள் எழுதின. அந்த ஓசை கேட்கும் கட்டம் வந்துவிட்டால் நேரம் மிகவும் கடந்துவிட்டது என்று பொருள். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, கழுத்து, தோள் பக்கக் கட்டிகளை அறுக்கும்போது சிரைக்குள் 'உஸ்' என்ற சத்தத்துடன் காற்று நுழைந்து நோயாளி மேசையிலேயே இறந்த நிகழ்ச்சிகள் பதிவாகியிருக்கின்றன.

இது வலப்பக்கத்துக் கதை. நெஞ்சு அறுவையில் அஞ்ச வேண்டியது இடப்பக்கத்தை. நுரையீரலிலிருந்து இடது இதயத்துக்கு வரும் சிரைகளிலோ, இடது மேலறையிலோ, மகாதமனியிலோ காற்று புகுந்தால் இடையில் சல்லடையே இல்லை. நேராக மூளைக்கும் இதயத் தசைக்கும் போகும். அங்கே 300 மில்லிலிட்டர் வேண்டாம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனியில் அரை மில்லிலிட்டர் போனாலே துடிப்பு தாறுமாறாகக்கூடும். மூளைக்குப் போகும் தமனியில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் உயிரையே எடுக்கலாம். வலப்பக்கம் மட்டும் காற்று போனவர்களும் முழுப் பாதுகாப்பில் இல்லை. கருவில் இருக்கும்போது இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே இருக்கும் சிறு கதவு நான்கில் ஒருவருக்குப் பிறந்த பிறகும் முழுதாக ஒட்டாமலே இருக்கிறது. சாதாரண நாளில் அதனால் தொந்தரவு இல்லை. வலப்பக்கம் காற்றடைத்து அழுத்தம் ஏறினால் அந்தக் கதவு திறந்துகொள்ளும்.

தென்காசி மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர் வட்டாரங்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கத்தோடு வந்து, இதய வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போகும் வாதக் காய்ச்சல் நோய், நெருக்கடியான வீடுகளில் வளர்ந்த இவர்களைப் போன்றவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. மைட்ரல் வால்வு சுருங்கும் நோய் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பலருக்குப் பிள்ளையுண்டாகியிருக்கும்போது மூச்சு வாங்கிய பிறகுதான் நோயே தெரியவருகிறது. சிலருக்கு பலூன் சிகிச்சை போதும். வால்வில் சுண்ணாம்பு படிந்துவிட்டாலோ ஒழுகத் தொடங்கிவிட்டாலோ நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். இடது இதயத்தையே திறக்கும் அறுவை அது. காற்றுக்குமிழி ஆபத்தின் நடுமையம் அதுதான்.

இந்த நோயாளிகள் மூன்று வழிகளில் போகிறார்கள். கிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில் பாளையங்கோட்டை 'ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி', அதாவது 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. வடக்கே 160 கிலோமீட்டரில் மதுரை. மேற்கே புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் திருவனந்தபுரம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது என்பதால் மேற்கே போகும் பழக்கம் இந்தப் பக்கத்தில் மிகப் பழையது. அங்கே உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின்மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது வாழ்வு கொடுத்தது.

அதே நிலையம் உருவாக்கிய இன்னொரு பொருள் வால்வின் புகழில் மறைந்துபோனது: பிளாஸ்டிக் ரத்தப் பை. ரத்தம் கண்ணாடி பாட்டிலில் ஏற்றப்பட்ட காலத்தில், பாட்டிலுக்குள் காற்று போகத் தனி ஊசி குத்த வேண்டும். அவசரத்தில் ரத்தம் வேகமாக ஏற வேண்டுமென்று பாட்டிலுக்குள் காற்றைப் பம்ப் செய்வார்கள். ரத்தம் தீர்ந்த நொடியில் அழுத்தம் கொடுத்த காற்று நேராக நோயாளிக்குள் பாய்ந்துவிடும். 1950இல் அமெரிக்காவில் கார்ல் வால்டர் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்த பிறகு இந்த மரணங்கள் அரிதாயின. காலியாகும்போது பை தானாகச் சுருங்கிக்கொள்ளும். காற்று நுழையத் தேவையே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இந்தப் பையைத் திருவனந்தபுரத்தில் உள்நாட்டிலேயே செய்யும் நுட்பம் உருவாகி, அங்கேயே ஒரு தொழிற்சாலையும் வந்தது. ஒரு ஆபத்தை எச்சரிக்கைப் பலகை வைத்துத் தடுப்பதைவிட, பொருளின் வடிவத்தை மாற்றித் தடுப்பது எவ்வளவு மேல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது அறுவை அரங்குக்குள் போவோம். நெஞ்செலும்பு பிளக்கப்பட்டு, இதயம் நிறுத்தப்பட்டு, உடலின் ரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரம் ஏற்றிருக்கிறது. 1953 மே 6 அன்று ஃபிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணுக்கு இதய ஓட்டையை மூடியபோது இந்த இயந்திரம் முதன்முதலாக வெற்றிகண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் ரிச்சர்ட் டிவாலும் வால்டன் லில்லஹையும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். குமிழியே ஆகாது என்ற இடத்தில் ரத்தத்துக்குள் வேண்டுமென்றே ஆக்ஸிஜன் குமிழிகளை விட்டார்கள். ரத்தம் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டதும், நுரையைக் கலைக்கும் சிலிக்கோன் பூச்சின் மீது ஓட விட்டு, சுருள்குழாய் ஒன்றில் இறக்கினார்கள். குமிழி உள்ள ரத்தம் லேசு, மேலே மிதக்கும். குமிழி நீங்கிய ரத்தம் கனம், கீழே இறங்கும். எளிய, மலிவான இந்த அமைப்புதான் இதய அறுவையை உலகெங்கும் கொண்டுபோனது. 1980களுக்குப் பிறகு, ரத்தத்துக்கும் வாயுவுக்கும் நடுவே மெல்லிய சவ்வு வைத்த ஆக்ஸிஜனேட்டர்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

தமிழ்நாட்டில் நெஞ்சு அறுவைக்கு அடித்தளம் போட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1940களின் இறுதியில் அமெரிக்க அறுவை நிபுணர் ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். என். கோபிநாத் 1961இல் அங்கே இதயத்தைத் திறந்து செய்த அறுவை இந்தியாவின் முதல் முயற்சிகளில் ஒன்று. அடுத்த தலைமுறை நிபுணர்களில் பலர் அந்தப் பட்டறையில் பயின்றவர்கள்.

மறுபடி இதய நுரையீரல் இயந்திரத்துக்கு வருவோம். அதில் நோயாளியின் ரத்தம் முதலில் வந்து விழும் தொட்டிதான் காற்றுக்கு எதிரான முதல் அரண். குற்றாலம் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே பாறைக்குள் குடைந்த பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் அடங்கி, பிறகுதான் வழிகிறது. பொங்குமாங்கடல் இல்லையென்றால் யாரும் அருவியின் கீழ் நிற்க முடியாது. இயந்திரத்தின் தொட்டியும் நுரைத்து வரும் ரத்தத்தை அடக்குகிறது. ஒரு முக்கிய வித்தியாசம், பொங்குமாங்கடலில் நீர் மேலே வழிகிறது; இங்கே குமிழி மேலே போய்விட, தெளிந்த ரத்தம் அடியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால் தொட்டி வற்றவே கூடாது. பம்ப் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் இழுக்கும்போது தொட்டியில் 500 மில்லிலிட்டர்தான் மிச்சம் என்றால், வரத்து நின்ற ஆறே நொடியில் அடி தட்டிவிடும். அதன் பிறகு பம்ப் காற்றைத் தள்ளும். உருளைப் பம்புக்கு ரத்தம் எது, காற்று எது என்று தெரியாது.

அந்த ஆறு நொடியைக் காப்பவர், இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட். பத்திரிகைச் செய்தியில் அவர் பெயர் வருவதில்லை. நோயாளியின் குடும்பம் அவரைச் சந்திப்பதும் இல்லை. நான்கைந்து மணி நேரம் தொட்டியின் மட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். மட்டம் குறைந்தால் அலறும் சென்சார் உண்டு, குழாயில் குமிழி வந்தால் பம்பை நிறுத்தும் கருவி உண்டு, மகாதமனிக்குப் போகும் குழாயில் 40 மைக்ரான் அளவுச் சல்லடையும் உண்டு. இத்தனை இருந்தும், அலாரம் ஓயாமல் அடிக்கிறதே என்று அதை அணைத்து வைக்கும் கை எதுவோ, அந்தக் கைதான் ஆபத்து. இத்துறையின் விபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது கருவியின் பழுதைவிடக் கவனச்சிதறலே.

அப்படி ஒரு பெருங்காற்று போய்விட்டால் என்ன செய்வது? 1980இல் நோயல் மில்ஸும் ஜான் ஆக்ஸ்னரும் எழுதிய வழிமுறை இன்றும் பாடமாக இருக்கிறது. பம்பை நிறுத்து, குழாயைக் கவ்வியால் அடை, மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்து. பிறகு ரத்தத்தைத் தலைகீழாக ஓட்டு. அதாவது மேற்பெருஞ்சிரை வழியாக மூளைக்குள் ரத்தம் செலுத்தி, மூளைத் தமனிகளில் அடைத்த காற்றை மகாதமனி வழியாகப் பின்னோக்கித் தள்ளி வெளியே எடு. கேட்கும்போது நம்ப முடியாதது போலத் தோன்றும். சரியான நொடியில் செய்தவர்கள் நோயாளியை மீட்டிருக்கிறார்கள்.

பெருவிபத்து அபூர்வம். ஒவ்வொரு வால்வு அறுவையிலும் தவறாமல் வருவது இன்னொரு சோதனை. வால்வைத் தைத்து முடித்ததும் இதயத்தின் உள்ளே காற்று நிற்கிறது. அதை வெளியேற்றாமல் இதயத்தை ஓட விடக் கூடாது. கடைசித் தையலை இறுக்கும் முன் இடது மேலறையை உப்புநீரால் நிரப்புவார்கள். மேசையின் தலைப்பக்கம் தாழ்த்தப்படும். மயக்க மருந்து நிபுணர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலை விரிப்பார். நுரையீரல் சிரைகளில் ஒளிந்திருக்கும் காற்று ரத்தத்தோடு இடது மேலறைக்குத் தள்ளப்படும். அறுவை நிபுணர் இதயத்தின் நுனியை விரலால் தூக்கி மெல்ல அசைப்பார். மகாதமனியின் அடியில் வைத்த ஊசி வழியாக உறிஞ்சுகுழல் இழுத்துக்கொண்டே இருக்கும். உணவுக்குழாய்க்குள் விட்ட எக்கோ கருவியின் திரையில் குமிழிகள் வெள்ளைப் பொறிகளாகப் பறக்கும். 50 கிலோ எடையுள்ள நோயாளியிடம் ஒரு மில்லிலிட்டர் காற்றைக்கூட அது காட்டிக்கொடுக்கும். பொறிகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது நுரையீரலை மறுபடி விரித்தால் இன்னொரு கூட்டம் பறந்து வரும். அறுவை அரங்கில் பொறுமை என்பது குணத்தைச் சார்ந்தது மட்டும் இல்லை, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

அந்தச் சமயம் தப்பும் குமிழி பெரும்பாலும் வலது கரோனரி தமனிக்குள் போகிறது. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் மகாதமனியில் அதன் வாய்தான் மேலே பார்த்திருக்கிறது. காற்று மேலே ஏறும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் காரணம். நன்றாக இருந்த இதயம் திடீரென வலப்பக்கம் வீங்கிச் சோர்ந்துபோகும். ஈ.சி.ஜி. கோடு தூக்கும். அனுபவசாலிகள் கலங்காமல் ரத்த அழுத்தத்தை உயர்த்தி, சில நிமிடம் இயந்திரத்தின் துணையோடு ஓட விடுவார்கள். குமிழி நகர்ந்து போய்விடும், இதயம் தெளியும்.

எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் வாயு தங்கத்தான் செய்யும் என்றால், தங்குவது எந்த வாயு என்பதையாவது நாம் தீர்மானிக்கலாமே என்ற யோசனை 1950களிலேயே வந்தது. அறுவை நடக்கும்போது திறந்த நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சுகிறார்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நெஞ்சுக்குழியில் தேங்கிக் காற்றை வெளியே தள்ளும். ரத்தத்தில் காற்றைவிடப் பல மடங்கு எளிதாகக் கரையும். குமிழியாகப் போனாலும் வழியிலேயே கரைந்துவிட வாய்ப்பு அதிகம். சிலிண்டரும் ஒரு மெல்லிய குழாயும் போதும், செலவு சொற்பம். செலவில்லாத பாதுகாப்பு எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் அதை வழக்கமாக்கிவிட வேண்டும் என்பேன்.

இதய அறுவைக்கு முந்தைய காலத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். குற்றாலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளை அதிகாரிகள் உடல் தேற வரும் இடமாக வைத்திருந்தார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றே மருந்து என்ற எண்ணம் அன்று மருத்துவர்களிடமும் இருந்தது. காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம். திறந்தவெளிக் காற்றில் பெரும் நம்பிக்கை வைத்த தமிழ் மருத்துவர் டேவிட் சௌரி முத்து, இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே நோயாளியாகத் தங்கியிருந்தார். அதே சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு விடுதியைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. இன்றைய தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதுதான்.

அந்தக் காலத்தில் உலகெங்கும் காசநோய்க்குச் செய்த இன்னொரு சிகிச்சை, இத்தாலியின் கார்லோ ஃபோர்லனினி வகுத்தது. விலாவுக்குள் ஊசி செருகி, நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் காற்றை ஏற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பார்கள். பல நோயாளிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப இதைச் செய்துகொண்டார்கள். சிலருக்கு ஊசி குத்திய நொடியில் கண் இருண்டது, வலிப்பு வந்தது, பக்கவாதம் வந்தது. சிலர் இறந்தே போனார்கள். நெஞ்சு உறையைத் தொட்டதால் வந்த 'அதிர்ச்சி' என்று பலர் விளக்கம் சொன்னார்கள். ஜெர்மனியின் லுடால்ஃப் பிராவர் அதை மறுத்தார். ஊசி முனை நுரையீரல் சிரையைத் தொட்டுக் காற்று இடது இதயம் வழியாக மூளைக்குப் போயிருக்கிறது என்றார். நோயாளியின் கண்ணுக்குள் பார்த்தபோது விழித்திரைத் தமனியில் காற்று நகர்ந்ததைக் கண்டவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மாத்திரை சாப்பிட்டு வீட்டிலேயே இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமாகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. ஊசி வழிக் காற்றுக்கு அதன் பிறகு வேலையில்லாமல் போயிற்று.

ஊசி போனாலும் அந்த ஆபத்து போகவில்லை. நுரையீரலில் தெரியும் கட்டி காசநோயா புற்றுநோயா என்று அறிய சி.டி. ஸ்கேன் பார்த்தபடி ஊசி குத்திச் சதை எடுக்கிறார்கள். உள்கம்பியை எடுத்த பிறகு ஊசி வெறும் குழாய். வெளிக்காற்றுக்கும் நுரையீரல் சிரைக்கும் நடுவே திறந்த வழி. அந்த நொடியில் நோயாளி ஆழ்ந்து மூச்சை இழுத்தால் காற்று உறிஞ்சப்படும், இருமினால் மூச்சுக்குழல் காற்று சிரைக்குள் தள்ளப்படும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இது நடக்கிறது. "இருமாதீங்க, மூச்சை இழுக்காதீங்க" என்று சொல்வதும், ஊசியின் வாயை விரலால் மூடுவதும்தான் காவல்.

நெஞ்சில் அடிபட்டு வருபவர்கள் இன்னொரு வகை. தென்காசி–திருநெல்வேலி சாலையில் விபத்துக்குள்ளானவரின் விலா எலும்பு நுரையீரலைக் கிழித்திருக்கலாம். தானாக மூச்சு விடும்வரை ரத்தம் சிரையிலிருந்து மூச்சுக்குழலுக்குக் கசியும். இருமினால் ரத்தம் வரும். அவரை வென்டிலேட்டரில் போட்டதும் நிலைமை தலைகீழாகிறது. மூச்சுக்குழலின் அழுத்தம் சிரையின் அழுத்தத்தைத் தாண்டுகிறது, காற்று கிழிசல் வழியே இடது இதயத்துக்குப் போகிறது. குழாய் போட்ட சில நிமிடத்தில் இதயம் நின்றுபோனால் ரத்தப்போக்கு மட்டும்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைவாக வைப்பதும், தலையைத் தாழ்த்துவதும், வசதி உள்ள இடத்தில் அந்தப் பக்க நெஞ்சைத் திறந்து நுரையீரலின் வேரைக் கவ்வியால் பிடிப்பதும்தான் வழி.

தூத்துக்குடியில் கம்ப்ரஸர் காற்றைச் சுவாசித்தபடி சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும் இதே விபத்து நேரலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழித்து ரத்தத்தில் ஏறும். ஒரு மீட்டர் சொச்ச ஆழமே போதும். அவர்களுக்கான சிகிச்சை அறுவை நோயாளிக்கும் பொருந்துகிறது. அழுத்த அறைக்குள் படுக்க வைத்து, கடல்மட்டத்தைப் போல 2.8 மடங்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். குமிழியின் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். ஆனால் விட்டம் முப்பது சதவீத அளவுக்குத்தான் குறையும். உண்மையான வேலையைச் செய்வது ஆக்ஸிஜன். ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்ததும் குமிழியில் உள்ள நைட்ரஜன் வெளியே வடிகிறது. அழுத்த அறை இல்லாத ஊரிலும் முகமூடியில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் இதில் ஒரு பகுதி நடக்கும். அந்த முகமூடி இல்லாத ஆஸ்பத்திரி இல்லை.

நான் அழுத்திச் சொல்ல வந்தது இனிமேல்தான். இதய அறுவை அரங்கில் காற்றுக்குச் சென்சார் உண்டு, சல்லடை உண்டு, எக்கோ உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. அந்த அறையைத் தாண்டி வந்த நோயாளியின் கழுத்தில் இன்னும் சென்ட்ரல் லைன் இருக்கிறது. கழுத்தின் வழியாக இதயத்தின் வாசல்வரை போகும் குழாய் அது. டயாலிசிஸ் நோயாளிக்கும், ஐ.சி.யு.வில் மருந்து ஏறுபவருக்கும் இருக்கிறது. ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் "எடுத்துடலாம்" என்று சொல்லிப் போவார்கள். பிறகு பணி மாறும் அவசரத்தில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் நோயாளியின் கழுத்திலிருந்து ஒருவர் குழாயை உருவி, பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும்? குழாய் பல நாள் இருந்த தடம் உடனே மூடுவதில்லை. ஒல்லியானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். உட்கார்ந்திருப்பவரின் கழுத்து இதயத்துக்கு மேலே இருக்கிறது. ஒரு பெருமூச்சு போதும். இந்த அறையில் சென்சார் இல்லை. காவல் என்பது எடுப்பவரின் ஞாபகம் மட்டுமே.

செய்ய வேண்டியது அரைப்பக்கத்தில் அடங்கும். நோயாளியை மட்டமாகப் படுக்க வைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும். மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, அந்த நேரத்தில் குழாயை எடுக்க வேண்டும். விரலால் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். களிம்பு தடவிய, காற்றுப் புகாத ஒட்டுத்துணியைப் போட்டு ஒருநாளாவது விட வேண்டும். அரைமணி நேரம் எழுந்திருக்க விடக் கூடாது. பஞ்சுக்குள் காற்று போகும், அது மூடியாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை முதல் சிறு நர்ஸிங் ஹோம்வரை, சென்ட்ரல் லைன் போடும் ஒவ்வொரு இடத்திலும் இது தமிழில் எழுதிச் சுவரில் இருக்க வேண்டும். நோயாளியின் மனைவியோ மகனோ அதைப் படித்துவிட்டு, "சிஸ்டர், அவங்கள படுக்க வச்சு எடுங்களேன்" என்று கேட்க முடிய வேண்டும். டிரிப்ஸ் குழாயின் கடுகுக் குமிழிக்குக் கத்தத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்பது கஷ்டமில்லை.

காற்று ஏறிவிட்டது என்ற சந்தேகம் வந்தால் வழியை முதலில் விரலால் அடைக்க வேண்டும். பிறகு நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்த வேண்டும். 1947இல் டுராண்ட் என்ற மருத்துவர் சொன்ன நிலை இது. காற்று வலது கீழறையின் மேல்பக்கம் ஒதுங்க, ரத்தம் போக வழி கிடைக்கும். முகமூடியில் முழு ஆக்ஸிஜன் தொடங்கி, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும் 108 வண்டியில் இடைவிடாமல் தொடர வேண்டும்.

கூடவே போகும் ரெஃபரல் கடிதத்தில் 'திடீர் மயக்கம்' என்றோ 'பக்கவாதம்' என்றோ மட்டும் எழுதினால் அங்கே உள்ளவர்கள் ரத்தக்கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எத்தனை மணிக்கு, எந்தக் குழாயை எடுத்தபோது, நோயாளி படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, ஆக்ஸிஜன் எப்போது தொடங்கியது என்ற நான்கு விவரமும், 'காற்றடைப்புச் சந்தேகம்' என்ற வரியும் இருந்தால், போய்ச் சேர்ந்த உடனே தலைக்கு சி.டி. எடுப்பார்கள். மூளைக் குழாயில் உள்ள காற்று ஸ்கேனில் சில மணி நேரம்தான் தெரியும். அதற்குப் பிறகு எடுத்தால் படம் சுத்தமாக இருக்கும், நோயாளியின் கை மட்டும் தூக்க வராது.